உதவி: மெழுகு போட்டும் மோட்டார்ஹோம் (உள்ளயே தங்கிப் பயணம் போற வண்டி) வெளுத்தே இருக்கு, கருப்புக் கோடும் போகல

சக்கரவீடு: அவசரம், சனிக்கிழமை கிளம்பணும். நேத்து முழுக்க வண்டியைக் கழுவி மெழுகு போட்டேன். சாயங்காலம் பளபளன்னு இருந்துச்சு. காலையில பனி காஞ்சதும் பழையபடி வெளுத்துப் போச்சு. ஜன்னலுக்குக் கீழ கருப்புக் கோடு அப்படியே இருக்கு. எந்த மெழுகு நல்லதுன்னு சொல்லுங்க.

மூணாம்கியர்: பக்கச் சுவர் ஃபைபர்கிளாஸா, அலுமினியமா? மேல ஜெல்கோட்டா (ஃபைபர்கிளாஸ் மேல வர்ற ரெசின் பூச்சு), பெயின்ட்டா? எத்தனை வருஷ வண்டி? வெயில்லயே நிக்குதா?

ஈரத்துணி: எதால கழுவினீங்க? பாத்திரம் கழுவுற சோப்புன்னா இருக்கிற மெழுகையும் எடுத்துட்டுப் போயிடும். கார் ஷாம்புவுக்கு மாறுங்க, பிரச்சினை அதான்.

சக்கரவீடு: வெள்ளை வண்டிங்க. சோப்பு சாதா சோப்புதான். மெழுகு பேரு மட்டும் சொன்னா போதும்.

பழைய_பட்டறை: தம்பி, வெள்ளைங்கிறது நிறம். மூணாம்கியர் கேட்டது மேல்பூச்சு என்னன்னு. ஒரு கேள்விக்கும் பதில் சொல்லாம மெழுகு பேரு கேட்டா எவன் சொல்லுவான்? இங்க எத்தனை தடவை எழுதியிருக்கேன், படிக்கிற வழக்கமே யாருக்கும் இல்ல.

ஒரு கருப்புத் துணியை விரல்ல சுத்தி, மெழுகு சரியாப் படாத ஓரத்துல அழுத்தித் தேய். வெள்ளைப் பொடி ஒட்டுச்சுன்னா பெரும்பாலும் ஜெல்கோட் சுண்ணாம்பு பூத்திருக்கு. ஜெல்கோட்ங்கிறது பாலியஸ்டர் ரெசின். வெயிலோட புற ஊதாக் கதிர் மேல்தோலை அரிச்சுப் பொடியாக்கிடும். புழுதித் தரையில தண்ணி தெளிச்சா கொஞ்ச நேரம் நிறம் தெரியும், காஞ்சதும் மறுபடி புழுதிதானே? உன் மெழுகும் அதேதான். முதல்ல காம்பவுண்ட், அதாவது தேய்ச்சு எடுக்கிற பசை, போட்டுப் பொடியை எடு, அடுத்து பாலிஷ், கடைசியிலதான் மெழுகு. எந்த மெழுகுங்கிறது இந்தக் கதையில சின்ன விஷயம்.

மூணாம்கியர்: அண்ணன் சொன்னதோட ஒண்ணு. ஜெல்கோட் பொதுவா அரை மில்லிமீட்டர் கனம் இருக்கும், தேய்க்க இடம் உண்டு. பெயின்ட் மேல கிளியர்கோட்னா (நிறமில்லாத மேல்பூச்சு) அதுல பத்துல ஒரு பங்குதான். அங்க காம்பவுண்ட் போட்டு அழுத்தினா அடி நிறம் தெரிஞ்சுடும். கிளியர்கோட் உரிய ஆரம்பிச்சிருந்தா எந்த பாலிஷும் காப்பாத்தாது, மறுபடி பெயின்ட்தான். அதனாலதான் என்ன பூச்சுன்னு கேட்டேன்.

கூரைநடை: எல்லாரும் சுவரையே பேசுறீங்க. கருப்புக் கோடு சுவர்ல பிறக்கல, கூரையிலிருந்து வருது. மேல சேர்ற தூசியும், பழைய ரப்பர் கூரை விடுற பொடியும் மழையிலயும் பனியிலயும் கரைஞ்சு ஜன்னல் ஓரமா வழியுது. கூரையைக் கழுவாம சுவரைத் தேய்ச்சா அடுத்த பனிக்கே கோடு வந்துடும். ஈரக் கூரை வழுக்கும், நின்னு நடக்காதீங்க, முட்டி போட்டு நகருங்க.

ஈரத்துணி: கோட்டுக்கு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைச்சா போயிடுமே?

கூரைநடை: தயவுசெய்து வேண்டாம். கூரை ஈ.பி.டி.எம். ரப்பரா இருந்தா பெட்ரோலியச் சரக்கு பட்ட இடம் உப்பிப்போகும். ஜன்னல் அக்ரிலிக்கா இருந்தா அம்மோனியா கலந்த கண்ணாடி திரவமும் ஆகாது. என் முதல் வண்டியில அப்படித்தான் பண்ணினேன். சிலந்தி வலை மாதிரி மெல்லிசா விரிசல் ஓடுச்சு, கடைசி வரைக்கும் போகல.

நெடுந்தூரம்: இவ்வளவு எதுக்கு? தரைக்குப் போடுற அக்ரிலிக் பளபளப்புத் திரவத்தைத் துணியில நனைச்சு நாலஞ்சு கோட் விடுங்க. என் வண்டி ரெண்டு வருஷமா கண்ணாடி மாதிரி நிக்குது.

பழைய_பட்டறை: மூணாவது வருஷம் மஞ்சளாகித் தோல் தோலா உரியும்போது வா. அதைக் கரைச்சு எடுக்கிற வேலை காம்பவுண்ட் போடுறதை விடப் பெரிசு.

நெடுந்தூரம்: வருஷா வருஷம் ஒரு மேல்கோட் விடுறேன், உரியல. இந்த வயசுல என்னால மெஷின் பிடிச்சு ரெண்டு நாள் தேய்க்க முடியாதுங்க. முடிஞ்சதைச் செய்யுறேன், அதுல என்ன தப்பு?

மூணாம்கியர்: தப்பில்ல ஐயா. பொடியை நல்லா எடுத்துட்டுப் போட்டிருப்பீங்க, அதான் பிடிச்சிருக்கு. பொடி மேலயே போட்டவங்களுக்குத்தான் உரியுது.

பழைய_பட்டறை: நான் பார்த்த வண்டி எல்லாமே உரிஞ்சதுதான். இதுல என் கருத்து மாறாது.

ஈரத்துணி: சக்கரவீடு, எங்க போனீங்க? துணியில தேய்ச்சுப் பார்த்தீங்களா?

சக்கரவீடு: பார்த்தேன். துணி முழுக்க வெள்ளைப் பொடி. ஃபைபர்கிளாஸ்தான், பதினோரு வருஷ வண்டி, இத்தனை நாளும் வெயில்லதான். கதவுப் பக்கம் மட்டும் காம்பவுண்ட் போட்டேன், ஸ்டிக்கர் ஓரத்துக்கு டேப் ஒட்டிட்டு. கை விரல் அஞ்சும் அதுல தெரியுது! மீதி வந்துதான். அண்ணன் திட்டினாலும் சரியாத்தான் சொன்னீங்க, நன்றி. கிளம்புறேன்.

கூரைநடை: கூரையைக் கழுவினீங்களா?

கூரைநடை: சக்கரவீடு, கூரை?