தனுஷ்கோடி ரயில் நிலையம்: பழைய டிக்கெட், படம், கால அட்டவணை யாரிடமாவது உண்டா?

எல்லோருக்கும் வணக்கம். தனுஷ்கோடி ரயில் நிலையத்தைப் பற்றித் தகவல் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலையும், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனதையும் பற்றி நிறையக் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகள்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு சேரலாம். அப்போது பிரதான பாதையே தனுஷ்கோடிக்குத்தான்; ராமேஸ்வரத்துக்குப் பாம்பனிலிருந்து பிரிந்து போனது கிளைப் பாதை. இன்றைக்குச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வந்து நின்றதும் என்ன நடந்தது? சுங்கச் சோதனை எங்கே நடந்தது? கப்பலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள்? சாப்பாடு, குடிதண்ணீருக்கு என்ன ஏற்பாடு? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அங்கே ரயில்வேயிலோ சுங்கத்திலோ வேலை பார்த்திருந்தால், இல்லை இலங்கைக்குப் போய்வந்திருந்தால், கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்துத் தடித்த அட்டை டிக்கெட் பெட்டியில் கிடந்தால் இரண்டு பக்கமும் படமெடுத்துப் போடுங்கள். தேதி முத்திரை தெரிய வேண்டும். குடும்பப் படமென்றால் பின்னால் எழுதியிருப்பதும் வேண்டும். இப்போதைய இடிந்த சுவர்களின் படங்கள் வேண்டாம், அவை ஏராளமாக இருக்கின்றன.