சங்கை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியை ஏன் எடுத்தார்கள்?

கேள்வி:
வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' (1954) நாவல், பெரியவர்கள் யாருமின்றி ஆளில்லாத் தீவொன்றில் சிக்கிக்கொண்ட சிறுவர்களின் கதை. அதில் கூட்டம் கூட்டுவதற்கு அவர்கள் ஊதும் சங்கு மக்களாட்சியைக் குறிக்கிறது என்றே பெரும்பாலான விளக்கங்கள் சொல்கின்றன. எனக்கு ஓர் ஐயம். தனியே பிரிந்துபோன வேட்டைக்காரர்களின் தலைவன் ஜாக்கின் கூட்டத்தார் இரவில் வந்து, சிறுவர்கள் தேர்ந்தெடுத்த தலைவனான ரால்ஃபின் குடிலைத் தாக்கும்போது, சங்கைப் பறிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ரால்ஃபின் நண்பன் பிக்கி நினைக்கிறான். அவர்களோ அதைத் தொடாமல், அவனுடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போகிறார்கள். அதிகாரத்தின் அடையாளம் சங்குதான் என்றால், தலைமைக்காகத் துடிக்கும் ஜாக் அதை ஏன் விட்டுவைத்தான்?

பதில் 1:
சங்கை அவன் ஏற்கெனவே பயன்படுத்திப் பார்த்துவிட்டான் என்பதுதான் காரணம். எட்டாம் அத்தியாயத்தில் சங்கை ஊதிக் கூட்டத்தைக் கூட்டுபவனே ஜாக்தான். ரால்ஃபைத் தலைமையிலிருந்து நீக்க வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்கிறான், ஒரு கைகூட உயரவில்லை, அழுதுகொண்டே வெளியேறுகிறான். சங்கைக் கையில் வைத்திருப்பவன் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு, கேட்பவர்கள் இசையும்வரை மட்டுமே செல்லும். மலையுச்சியில் சங்கு செல்லாது என்று தொடக்கத்திலேயே சொன்னவன், பின்னர் விருந்தின்போது தீவின் இந்தப் பக்கத்திலும் செல்லாது என்கிறான்.

கண்ணாடியின் கதை வேறு. அது யாருடைய ஒப்புதலும் இல்லாமல், சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டித் தரும். பன்றியை வேட்டையாடிவிட்டு அதைச் சுட நெருப்பில்லாமல் தவிக்கும் கூட்டத்துக்கு அதுதான் தேவை.

இதே நோக்கில், ஜாக்கின் கூட்டத்தைச் சேர்ந்த ரோஜரையும் கவனியுங்கள். நான்காம் அத்தியாயத்தில் ஹென்றி என்னும் சிறுவனைச் சுற்றிக் கல்லெறிகிறான். ஆனால் ஏறத்தாழ ஆறு கஜ அளவுள்ள ஒரு வட்டத்துக்குள் எறிய அவன் கை துணியவில்லை. பெற்றோர், பள்ளி, காவலர், சட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் அந்த வட்டத்தைக் காத்து நிற்கின்றன. பதினொன்றாம் அத்தியாயத்தில் அதே ரோஜர் நெம்பித் தள்ளும் பாறையில் பிக்கி அடிபட்டுச் சாகிறான். அவன் கையிலிருந்த சங்கும் அந்தக் கணத்திலேயே நொறுங்குகிறது. என் கணிப்பில் அந்த வட்டமும் சங்கும் ஒன்றேதான்.

பதில் 2:
பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் கண்ணாடி என்றால் அறிவு, சங்கு என்றால் ஒழுங்கு என்று பட்டியல் போட்டுப் படிப்பது இந்த நாவலுக்குச் செய்யும் அநீதி. (கிட்டப்பார்வைக்கு அணியும் குழிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டவே முடியாது என்று இயற்பியல் தெரிந்தவர்கள் சொல்வது சரிதான், அதனால் கதைக்குக் குறைவொன்றும் இல்லை.) நெருப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். மீட்புக்காக மூட்டிய முதல் தீ கட்டுக்கடங்காமல் பரவிய பிறகு, முகத்தில் மச்சமுள்ள ஒரு சிறுவனை யாருமே காணவில்லை. மலைமேல் காத்துவந்த தீ வேட்டைக்காரர்களின் அலட்சியத்தால் அணைந்திருந்த வேளையில்தான் கப்பல் கடந்து போகிறது. இறுதியில், ரால்ஃபைக் கொல்வதற்காக வைத்த தீயின் புகையைக் கண்டே மீட்புக் கப்பல் வருகிறது. இப்படிப்பட்ட ஒன்றை எந்த ஒற்றைச் சொல்லில் அடக்குவது?

பதில் 3:
அந்த மீட்புக் கப்பலும் ஒரு போர்க்கப்பல் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர்கள் மிருகம் என்று அஞ்சியது, வானில் நடந்த போரில் இறந்து பாராசூட்டில் வந்து விழுந்த ஒருவனின் உடலைத்தான். அந்த மிருகம் நமக்குள்தான் இருக்கிறதோ என்று கேட்ட சைமன் என்னும் சிறுவனோ, உண்மையைச் சொல்ல வந்த இரவிலேயே கொல்லப்படுகிறான். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய கோல்டிங், பெரியவர்களின் உலகத்தைப் புகலிடமாகக் காட்டாததில் வியப்பில்லை.

கேள்வி கேட்டவருக்கு ஒரு குறிப்பு: கடைசி அத்தியாயத்தில் அந்தக் கடற்படை அதிகாரி இங்கே தலைவன் யார் என்று கேட்கும் இடத்தை மீண்டும் படியுங்கள். நான்தான் என்று ரால்ஃப் உரக்கச் சொல்கிறான். அப்போது அவனிடம் சங்கு இல்லை. உடைந்த கண்ணாடியை இடுப்பில் செருகியிருக்கும் ஜாக் ஓரடி முன்னே வந்து, பிறகு மனம் மாறி நின்றுவிடுகிறான். அவன் எதிரில் நிற்பவர் சீருடையில் இருக்கிறார். அவரிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது.