தண்ணி முள்ளு நடுவுல, பைரோ 720ல: டர்போ வண்டி ஓட்டுறவங்க அனுபவம் சொல்லுங்க

சங்ககிரி_10வீல்
சேலத்துல கம்பி லோடு ஏத்தி ஓசூர் போறேன், தொப்பூர் ஏத்தம். பிஎஸ் 3 (பழைய புகை விதி) வண்டி, டீசல் அடிக்கிறது லைன் பம்ப். பூஸ்ட் மீட்டரும் (டர்போ தள்ளுற காத்தோட அழுத்தம்) பைரோவும் (புகைச்சூடு காட்டுறது) வெளிய வாங்கி மாட்டினது. லோடுல மேடு ஏறினா பூஸ்ட் 1.5 பார் வரைக்கும் போற வண்டி, அன்னிக்கு 0.6க்கு மேல நகரவே இல்ல. விசில் மட்டும் வழக்கத்த விட ஜாஸ்தி. பைரோ 650 தாண்டி 700, 720னு ஏறிக்கிட்டே இருக்கு. இன்ஜின் தண்ணிச் சூடு காட்டுற தண்ணி முள்ளு? 85ல ஜம்முனு நிக்குது.

கியரக் குறைச்சு மிதிய விட்டேன். கொஞ்ச நேரத்துல பைரோ 550க்கு வந்துருச்சு. தண்ணி முள்ளு அப்பவும் அசையல.

ஓரங்கட்டிப் பார்த்தா ஐட்லிங்ல ஒண்ணும் தெரியல. கிளீனர் தம்பிய ரேஸ் பண்ணச் சொல்லிட்டு டர்போ காத்த ஆற வைக்கிற இன்டர்கூலரோட ஹோஸுக்கு அடியில கைய விட்டேன். காத்து சுள்ளுனு அடிக்குது. விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ரேஸ் குடுத்தா மீன் வாய் மாதிரி திறக்குது, விட்டா மூடிக்குது. மேல இருந்து பார்த்தா புது ஹோஸ்னுதான் சொல்லுவீங்க. டியூப் கிழிச்சு இறுக்கிச் சுத்தி, உருட்டிக்கிட்டே மேல ஏறினோம்.

டேஷ்போர்டுல கம்பெனி குடுத்த ஒரு மீட்டர்கூட வாயத் திறக்கலயே, அதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

பம்ப்ரூம்_நாமக்கல்
தம்பி, ஒண்ணு இடிக்குது. லைன் பம்ப் தலையில பூஸ்டுக்குத் தக்கபடி டீசல் விடுற டயாஃப்ரம் இருக்கு. காத்து வரலேன்னா டீசலும் குறையணும். இழுவை போகும், ஆனா 720 காட்டாது. காட்டுச்சுன்னா யாரோ பம்புல டீசல் அளவக் கூட்டி விட்டிருக்காங்க. செட்டிங்க யாரும் தொடாம இருக்கப் பம்புல கட்டுற சீல் கம்பி இருக்கான்னு முதல்ல பாருங்க.

என் கதை சின்னது. ஒரு வண்டிக்கு ஹெட் கழட்டினோம், ஒரு பிஸ்டனோட ஓரம் உருகி லைனர்ல அப்பியிருந்துச்சு. ஹீட் மீட்டர் ஏறவே இல்லீங்கன்னு டிரைவர் சத்தியம் பண்றாரு. பொய் சொல்லல அவரு. தண்ணி சூடாக நேரம் எடுக்கும், புகைச்சூடு செகண்டுல ஏறும். அலுமினியம் 660 டிகிரியில உருகிடும். அடியில ஆயில் அடிச்சு, சுத்தித் தண்ணி ஓடுறதாலதான் பிஸ்டன் அந்தச் சூட்டுக்குப் போகாமத் தாங்குது. அதுக்குன்னு 700க்கு மேல ரொம்ப நேரம் இழுத்தா அதுவும் தாங்காது.

இன்னொண்ணு. பைரோ எங்க போட்டிருக்கீங்க? டர்போவுக்கு முன்னாடி மேனிஃபோல்டுலயா, பின்னாடி பைப்லயா? பின்னாடின்னா லோடுல 100, 150 டிகிரி குறைச்சுக் காட்டும். அங்க 600 பார்த்துட்டு நிம்மதியா இருக்காதீங்க. பூஸ்ட் டியூப இன்டர்கூலர் தாண்டி எடுங்க. முன்னாடி எடுத்தா கூலர் அடைச்சிருந்தாலும் முள்ளு நல்லாத்தான் நிக்கும். மேடு ஏறி வந்ததும் சாவியத் திருப்பாதீங்க, ரெண்டு மூணு நிமிஷம் ஐட்லிங்ல ஓடட்டும். சூட்டோட நிறுத்தினா டர்போ பேரிங்ல ஆயில் கரியாயிடும். ஹோஸ் மாத்தும்போது கிளாம்பையும் சேர்த்து மாத்துங்க. பத்து ரூபா மிச்சம் பாக்குறதுல எங்களுக்குத்தான் வேலை வருது.

பழைய_ஸ்டீரிங்
இத்தன மீட்டர் எதுக்குங்க? நாங்க புகையப் பார்த்தும் சத்தத்தக் கேட்டும் ஓட்டினவங்க. கருப்பா தள்ளுச்சுன்னா மிதியக் குறை, அவ்வளவுதான்.

மீட்டர நம்பக் கூடாதுன்னு நாக்பூர் தாண்டி ஒரு மே மாசம் பார்த்தேன். ஹீட் முள்ளு சிவப்புக்கிட்ட போச்சு, திடீர்னு சரசரன்னு கீழ வந்துருச்சு. "அண்ணா, இறங்கிருச்சு, போலாம்"ங்கறான் பையன், மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நான் அங்கயே இன்ஜின ஆஃப் பண்ணிட்டேன். கீழ் ஹோஸ் கழண்டு தண்ணி பூரா ரோட்டுல. சென்சாரத் தொட தண்ணியே இல்ல, பின்ன முள்ளு இறங்காம என்ன பண்ணும்? ரேடியேட்டர் மூடியத் திறக்கப் போனவன் கையத் தட்டி விட்டேன். நல்லா ஆறின பிறகுதான் தண்ணி ஊத்தினோம். ஹெட் தப்பிச்சுது.

கரும்பு_லோடு
@பழைய_ஸ்டீரிங் ராத்திரியில புகை எங்கீங்க தெரியும்? புது பிஎஸ் 6 வண்டியில பகல்லயே தெரியாது, சைலன்சர்ல இருக்கற டிபிஎஃப் ஃபில்டர் கரியப் புடிச்சு வச்சுக்கும். உங்க காலம் வேற.

எங்க வண்டியில சிக்கலே வேற. சூடு பின்னாடி, சைலன்சர்ல. மில்லுக்கு வெளிய வரிசையில நிக்கறேன், தரையெல்லாம் காஞ்ச சோகை. நிக்கும்போதே ரீஜென் (டிபிஎஃப்ல சேர்ந்த கரிய எரிக்கறது) ஆரம்பிச்சு ஆர்பிஎம் தானா ஏறுது. டிபிஎஃப் 550, 600 போற நேரம் அது. அடியில குனிஞ்சு பார்த்தா ஒரு சோகை நுனி சுருண்டு பழுப்பாகுது. வரிசையாவது ஒண்ணாவது, ரீஜென் நிறுத்துற ஸ்விட்ச அமுக்கிட்டு வெறும் தரைக்குக் கொண்டு போயிட்டேன். பின்னாடி இருந்தவங்க திட்டினது இன்னும் காதுல இருக்கு. அந்த ஸ்விட்ச் எங்க இருக்குன்னே பல பேருக்குத் தெரியாது, தேடிப் பார்த்து வச்சுக்குங்க. அதுக்குன்னு எப்பவும் அமுக்கியே ஓட்டாதீங்க, டிபிஎஃப் அடைச்சு வண்டி இழுக்காமப் போயிடும்.

சங்ககிரி_10வீல்
பம்ப்ரூம் அண்ணா, சீல் கம்பி இல்லீங்க. செகண்டுல வாங்கின வண்டி, முந்தின ஓனர் கூட்டி விட்டிருக்காரு போல. "நல்லா இழுக்கும்"னு சொல்லித்தான் வித்தாரு, இப்பத்தான் அர்த்தம் புரியுது. பைரோ சைலன்சர் பக்கம்தான் இருக்கு. அப்ப அன்னிக்கு மேனிஃபோல்டுல 800க்கு மேலயா?

பம்ப்ரூம்_நாமக்கல்
கிட்டத்தட்ட. பம்ப பெஞ்ச்ல போட்டு செட்டிங் பண்ணுங்க, பைரோவ மேனிஃபோல்டுக்கு மாத்துங்க. டர்போவக் கழட்டாம மேனிஃபோல்டுல ஓட்டை போட விடாதீங்க. துருவல் ஒண்ணு டர்பைனுக்குள்ள போனாலும் பிளேடு போயிடும்.

பழைய_ஸ்டீரிங்
செகண்டு வண்டி வாங்கறப்ப பம்ப் சீலப் பார்க்காமயா வாங்கினீங்க, தம்பி?