பிக் டோர் பிரைஸ் மாதிரி வேற தொடர் தெரியுமா?

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம், மலேசியா பட்டர்வொர்த்ல இருந்து. ஆப்பிள் டிவில தி பிக் டோர் பிரைஸ் முடிச்சேன், சின்ன ஊரு, கடைக்குள்ள திடீர்னு ஒரு மெஷின், கைரேகை வச்சா உன்னால என்னவா ஆக முடியும்னு கார்டுல அடிச்சுக் கொடுக்குது, 40 வயசு வாத்தியாருக்கு வந்தது 'டீச்சர், விசிலடிப்பவர்', பாவம் மனுஷன்! 2023ல ஆரம்பிச்சு ரெண்டே சீசன்ல நிறுத்திட்டாங்க.

அம்மாவும் கூட உட்கார்ந்து பார்த்தாங்க, நடுவுல "எனக்கு என்னடா வந்திருக்கும்"னு கேட்டாங்க, முப்பது வருஷமா பேக்டரில ஷிப்டு பார்த்தவங்க, நான் பதில் சொல்லத் தெரியாம மைலோவ கலக்கிட்டே இருந்தேன்.

இதே மாதிரி லேசான கதையா, தமிழ்லயோ தமிழ் சப்டைட்டிலோட‌யோ ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. கொலை, மாமியார் சண்டை வேணாம்லா.