மாடு கன்று ஈன்றும் நஞ்சுக்கொடி விழவில்லை, வண்டிப்பாளையம் பக்கம் யாராவது உதவ முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் வண்டிப்பாளையத்திலிருந்து எழுதுகிறேன். விடியற்காலையில் எங்கள் லட்சுமி கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறாள். கன்று நன்றாக இருக்கிறது. எழுந்து நின்று, மடியை முட்டி முட்டிச் சீம்பாலும் குடித்துவிட்டது. ஆனால் மதியம் தாண்டியும் நஞ்சுக்கொடி விழவில்லை, பாதி தொங்கிக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கல்லைக் கட்டித் தொங்கவிடச் சொன்னார். நான் விடவில்லை. இழுத்தால் கர்ப்பப்பைக்கே ஆபத்து. 12 மணி நேரம் வரை பார்க்கலாம் என்பார்கள், அதற்குள் இருட்டிவிடும். வழக்கமாக வரும் டாக்டர் ஊரில் இல்லை.

இதற்கு நடுவில் சென்னையிலிருந்து அக்கா குடும்பம் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் வந்து இறங்கப் போகிறது. மாமாவுக்கு முழங்கால் வலி, நான் போய்த்தான் கூட்டி வர வேண்டும். வீட்டில் அம்மா மட்டும். நாய் வேறு கன்றைப் பார்த்து ஓயாமல் குரைக்கிறது, மாடு மிரளுகிறது.

இன்று மாலைக்குள் வீட்டுக்கு வரக்கூடிய கால்நடை மருத்துவர் யாரையாவது தெரியுமா? 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிட்டவர்கள், இந்தப் பக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லுங்கள். அப்புறம், மாடு பழகிய ஒருவர் நான் திரும்பும்வரை அம்மாவோடு வந்து இருந்தாலும் பெரிய உதவி.