அணு உலையில் ஓடும் விமானம்: எங்கே இடிக்கிறது?

வான்தேடி:
1 கிராம் யுரேனியம்-235 முழுதாகப் பிளந்தால் கிட்டத்தட்ட 2 டன் விமான எரிபொருளின் வெப்பம் கிடைக்கிறது. நீர்மூழ்கிகள் இதை வைத்து வருடக்கணக்கில் ஓடுகின்றன. விமானத்துக்கு மட்டும் ஏன் சரிப்படவில்லை? எடையா, விபத்தா? எண்களோடு சொன்னால் நல்லது.

கவசக்கணக்கு:
முதல் முட்டுக்கட்டை, உலையின் கதிர்வீச்சைத் தடுக்கும் கவசம். 2 எம்இவி (கதிரின் ஆற்றல் அலகு) காமாக் கதிரைப் பத்தில் ஒன்றாக்க ஏறக்குறைய 5 செ.மீ. ஈயம் வேண்டும். பத்து லட்சத்தில் ஒன்றாக்க 30 செ.மீ. 1 மீட்டர் விட்டமுள்ள உலையை ஒட்டியே அந்த 30 செ.மீ. ஈயத்தை உருண்டையாகச் சுற்றினால் 18 டன்.

ஆனால் நியூட்ரானுக்கு ஈயம் உதவாது, ஹைட்ரஜன் நிறைந்த பொருள் வேண்டும்: நீர், பாலிஎத்திலீன், லித்தியம் ஹைட்ரைடு. இதை 50 செ.மீ. தடிமனில் உள்ளே வைத்து, ஈயத்தை வெளியே தள்ளினால் அதே 30 செ.மீ. ஈயம் 57 டன் ஆகிவிடும். சரி, ஈயத்தை உள்ளேயே வைப்போம் என்றால் வேறு வம்பு: வேகம் குறைந்த நியூட்ரானை ஹைட்ரஜன் விழுங்கும்போது 2.2 எம்இவி காமா பிறக்கிறது, அதைத் தடுக்க வெளியே ஈயம் இருக்காது. போரான் கலந்தால் நியூட்ரானை அது முந்திக்கொண்டு பிடிக்கும், வரும் காமாவும் 0.48 எம்இவிதான். எந்த அடுக்கு எங்கே என்பதில்தான் மொத்த எடையும் நிற்கிறது.

அதனால்தான் 1950களில் கவசத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை உலையிலும் மறுபகுதியை விமானி அறையைச் சுற்றியும் வைத்தார்கள். அமெரிக்காவின் என்பி-36எச் விமானம் 1955 முதல் 1957 வரை 47 முறை பறந்தது. அதிலிருந்த 1 மெகாவாட் உலை எஞ்சினை ஓட்டவில்லை, கவசத்தைச் சோதிக்கத்தான். சோவியத்தின் டூ-95எல்ஏஎல் பறந்ததும் அதற்குத்தான். பிரித்த கவசத்தில் உலையின் பக்கவாட்டில் மறைப்பு குறைவு. அங்கிருந்து வெளியேறும் கதிர் காற்றில் பட்டுச் சிதறி விமானி அறைக்கே திரும்பும். தரையிறங்கியதும் பழுது பார்ப்பவர் பக்கத்தில் போகவும் முடியாது.

வெப்பஓட்டம்:
கவசத்தைத் தீர்த்தாலும் வெப்பம் விடாது. மணிக்கு 6.5 டன் எரிபொருள் குடிக்கும் பெரிய விமானத்துக்குச் சீரான பறப்பில் சுமார் 80 மெகாவாட் வெப்பம் வேண்டும், மேலெழும்போது இன்னும் கூடுதல். உலையை நிறுத்தினாலும் பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பம் தரும்: 80 மெகாவாட்டில் நெடுநேரம் ஓடிய உலையை நிறுத்திய கணத்தில் 5 மெகாவாட், ஒரு மணி நேரத்துக்குப் பின் 1 மெகாவாட், மறுநாளும் 0.4 மெகாவாட் வந்துகொண்டே இருக்கும். பறக்கும்போது எஞ்சின் காற்றே உலையைக் குளிர்விக்கிறது. ஓடுபாதையில் நின்றபின் யார் குளிர்விப்பது? தனி மின்சாரத்தில் ஓடும் ஊதுவிசிறி வேண்டும், அது நின்றால் உலை உருகும்.

காற்றை உலைக்குள்ளேயே விடும் நேரடி முறையில் காற்றிலுள்ள ஆர்கான், கதிரியக்கமுள்ள ஆர்கான்-41 ஆகிறது (அரை ஆயுள் 110 நிமிடம்). எரிபொருள் உறையில் விரிசல் விட்டால் கதிரியக்க அயோடினும் செனானும் புகையோடு வெளியே போகும். மறைமுக முறையில் உலை வெப்பத்தை எஞ்சினுக்குக் கொண்டுபோக உருகிய உப்போ, சோடியம் போன்ற திரவ உலோகமோ ஓடும். உப்பு குளிர்ந்தால் குழாயிலேயே உறையும். சோடியம் கசிந்தால் காற்றில் தீப்பிடிக்கும்.

அமெரிக்காவின் ஐடஹோவில் 1956இல் ஜெட் எஞ்சினை உலை வெப்பத்தால் சுழற்றிக் காட்டினார்கள், அது உண்மையான சாதனை. ஆனால் 1958இல் அதே வரிசையின் மூன்றாவது உலையில், அளவீட்டுச் சுற்றில் சேர்த்த வடிகட்டியால் கருவி திறனைக் குறைத்துக் காட்டியது. தானியங்கி கட்டுப்பாடு, திறன் போதவில்லையென்று, பிளவை அடக்கி வைக்கும் கோல்களை மேலும் வெளியே இழுத்தது. எரிபொருள் சேதமானது. தரையில் நடந்ததே இப்படி.

இன்னொன்று: சாதாரண விமானம் எரிபொருள் தீர்ந்து இலகுவாக இறங்குகிறது. இது ஏறிய எடையோடேயே இறங்கும். சக்கரக் கால், பிரேக், இறக்கைத் தண்டு எல்லாமே அதற்கேற்பக் கனமாக வேண்டும்.

வான்தேடி:
ஆளில்லா விமானமானால் கவசம் தேவையில்லையே?

கவசக்கணக்கு:
குறையும், ஆனால் முற்றிலும் போகாது. மின்னணுச் சாதனங்களும் ரப்பர் வளையங்களும் கதிரில் கெடும். அணு உலையில் ஓடும் ஆளில்லா ஏவுகணைக்கான அமெரிக்காவின் புளூட்டோ திட்டத்தில் 1964இல் டோரி-2சி உலை 513 மெகாவாட்டில் சுமார் 5 நிமிடம் நெவாடாவில் ஓடியது. அதே ஆண்டில் திட்டத்தை நிறுத்தினார்கள். பறக்கவிட்டுச் சோதித்தால் கடைசியில் உலை எங்கேயாவது விழுந்தாக வேண்டுமே.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி உண்டு. 1978இல் காஸ்மோஸ்-954 செயற்கைக்கோளின் உலை கனடாவில் சிதறியபோது துண்டுகள் சுமார் 600 கி.மீ. நீளத்துக்குப் பரவின. அது விமான உலையைவிட மிகச் சிறியது.

வெப்பஓட்டம்:
என் கருத்து: உலை தரையிலேயே இருக்கட்டும். அதன் மின்சாரத்தில் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, கார்பன் டை ஆக்சைடோடு சேர்த்துச் செயற்கை மண்ணெண்ணெய் செய்யலாம். ஃபிஷர்-டிராப்ஷ் முறையில் (கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் சேர்த்து எரிபொருளாக்கும் முறை) செய்ததைச் சாதாரண விமான எரிபொருளில் 50 சதவீதம் வரை கலக்க ஏற்கெனவே அனுமதி உண்டு, இன்றைய எஞ்சினை மாற்றவே வேண்டாம். ஆற்றலில் பெரும்பகுதி வழியில் வீணாகும்தான். ஆனால் 57 டன் ஈயத்தைச் சுமந்து பறக்க வேண்டியதில்லை.