அச்சகக் கணினியையும் பிளாப்பிகளையும் காப்பது எப்படி?

கேள்வி (கும்பகோணம்):
வணக்கம். 1990களில் என் தந்தையார் தம் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களும் குடமுழுக்கு மலர்களும் தயாரித்த கணினியும், கோப்புகளைச் சேமித்த ஏறத்தாழ 200 பிளாப்பி காந்தத் தட்டுகளும் பரணில் இருக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் போட மனம் வரவில்லை. அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கும் முன் நான் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (தஞ்சாவூர்):
ஐயா, ஆவலில் மின்சாரம் கொடுத்து இயக்கிப் பார்த்துவிடாதீர்கள். அக்கால மதர்போர்டுகள் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகைகள்) பலவற்றில் பற்றவைக்கப்பட்டிருந்த நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து, செம்புத் தடங்களை அரித்திருக்கக்கூடும். பிளாப்பிகளைப் பொறுத்தவரை, நம் பகுதியின் ஈரக்காற்றில் காந்தப் பூச்சின்மேல் பூசணம் படர்ந்திருந்தால், டிரைவில் தட்டைப் படிக்கும் தலை அந்தப் பூச்சையே சுரண்டிவிடும், எனவே 3.5 அங்குலத் தட்டாயின் உலோக மூடியை நகர்த்தி, வெளிச்சத்தில் பார்த்த பிறகே உள்ளே செருகுங்கள். தட்டின் மூலைத் துளை திறந்திருக்கும்படி அதை மூடும் சிறு தாழ்ப்பாளை நகர்த்திவிட்டால், தவறியும் எதுவும் அழியாது.

மறுமொழி (திருவாரூர்):
கோப்புகளை நகலெடுப்பது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறை பரவுமுன், ஒவ்வோர் எழுத்தையும் கணினியில் குறிக்கும் எண், அதாவது குறியீடு, எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியதால், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம் (தமிழுக்கு மட்டும்), டாப் (தமிழும் ஆங்கிலமும்) குறியீடுகள் தரமாக்கப்பட்டன. அதற்கு முந்தைய கோப்பு, உரிய எழுத்துரு இல்லாவிடில், வெறும் குறிகளாகவே தெரியும். ஆகவே எழுத்துருக் கோப்புகளையும் விசைப்பலகை வரைபடத்தையும் சேர்த்தே கொடுங்கள். கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் கருவிகளோடு வாய்மொழி வரலாறுகளையும் சேகரிக்கிறது. தங்கள் தந்தையாரும் பேசட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்பாவுக்கு இன்றும் அந்த விசைகள் மனப்பாடம். இந்த வாரமே அவர் குரலைப் பதிவு செய்கிறேன்.